பழைய பதிப்பிலேயே இருப்பதா, புதிய பதிப்புக்கு மாறுவதா? மாறியவர்களின் அனுபவம் தேவை

கட்டிங்மார்க் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். பக்கம் அமைக்கும் இன்டிசைன், படம் வரையும் இல்லஸ்ட்ரேட்டர், புகைப்படம் திருத்தும் ஃபோட்டோஷாப் ஆகிய மூன்று அடோபி மென்பொருள்களையும் சி.எஸ்.6 பதிப்பிலேயே வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்து வருகிறேன். 2012-இல் வெளிவந்த அந்தப் பதிப்புக்குப் பிறகு, ஒருமுறை பணம் கட்டிச் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் முறையை அடோபி நிறுவனம் கைவிட்டுவிட்டது. 2013 மே மாதத்தில் அந்த அறிவிப்பு வந்தபோது, கையில் இருப்பதே போதும் என்று இருந்துவிட்டேன். மாதந்தோறும் 64 பக்கத்தில் ஓர் இதழ், ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள், அவற்றின் அட்டைகள் என்று ஓடும் என் வேலையில் எதற்கும் சி.எஸ்.6 போதாது என்று தோன்றியதே இல்லை.

இப்போது நிலைமை நெருக்குகிறது. கணினி பழையது, அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இதழின் பாதிப் பக்கங்களை வடிவமைக்கும் தோழி புதிய பதிப்புக்குப் போய்விட்டதால், அவர் அனுப்பும் கோப்பு என்னிடம் நேராகத் திறப்பதில்லை. பழைய பதிப்பாலும் திறக்க முடிகிற ஐ.டி.எம்.எல். என்ற இடைமாற்று வடிவில் சேமித்து அனுப்பச் சொல்கிறேன். அப்படி வரும் கோப்பில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று இடம் மாறிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, எழுத்தாளர்கள் அனைவரும் யூனிகோடில் அனுப்புவதை நான் இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் பழைய குறியேற்றத்துக்கு மாற்றித்தான் பக்கத்தில் ஏற்றுகிறேன்.

மாறவிடாமல் தடுப்பவை இவை: நானூறுக்கும் மேற்பட்ட பழைய கோப்புகள், திடீரென்று வந்து நிற்கும் மறுபதிப்பு வேலைகள், பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த எழுத்துருக்கள், முடிவே இல்லாத சந்தா. புதிய பதிப்பில் என்னென்ன வசதிகள் வந்துள்ளன என்ற பட்டியல் எனக்கு வேண்டாம். அதை விளம்பரமே சொல்லிவிடுகிறது. மாறியவர்களுக்கு எது கைவிட்டுப் போனது, எது பாடாய்ப் படுத்தியது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அச்சுமை

அச்சுக்கு முந்தைய பணிகளைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி: உங்கள் கையைவிட்டுப் போகும் கோப்பு எது? அச்சகத்துக்குப் பி.டி.எஃப். மட்டும் போகிறதென்றால், நீங்கள் எந்தப் பதிப்பில் வேலை செய்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. அச்சுக்கான பி.டி.எஃப். தரங்களான பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ, பி.டி.எஃப்./எக்ஸ்-4 ஆகிய இரண்டையுமே சி.எஸ்.6 ஒழுங்காக உருவாக்கித் தரும். முன்னது ஒளிபுகும் பகுதிகளை எல்லாம் தட்டையாக்கி, நிறங்களைச் சி.எம்.ஒய்.கே. (நான்கு அடிப்படை மைகள்), ஸ்பாட் (தனியாகக் கலந்த மை) என்ற இரண்டுக்குள் அடக்கிவிடும். பின்னது ஒளிபுகுதன்மையை அப்படியே வைத்திருக்கும். அச்சகம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்தால் முடிந்தது. ஆகவே, அச்சுக்காக மாற வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

மூலக் கோப்பையே இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும்போதுதான் பதிப்பு என்பது பிரச்சினையாகிறது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐ.டி.எம்.எல். என்பது சி.எஸ்.4-இலிருந்து இருந்து வரும் வசதி. பக்கத்தின் விவரிப்பை அது எழுதிக் கொடுக்கிறதே தவிர, வரிகள் எங்கெங்கே உடைந்தன என்பதை உறைய வைத்துக் கொடுப்பதில்லை. அதைத் திறக்கும் பதிப்பு உரையைத் தன் கணக்குப்படி மறுபடியும் வரிகளாக அடுக்கும். தோழியின் பக்கங்கள் உங்களிடம் வந்ததும் நகர்வதற்குக் காரணம் அதுவே. மாதம் ஒருமுறை நடப்பதென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் இதழுக்குள்ளேயே நான்கைந்து முறை போய் வருகிறதென்றால், இருவரும் ஒரே பதிப்பில் இருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். பழைய இன்டிசைன் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தால், தலைப்புப் பட்டையில் அது மாற்றப்பட்ட கோப்பு என்ற குறிப்பு வரும். சேமிக்கப் போனால் வேறு பெயர் கேட்கும். அந்த இடத்தில் பலர் அவசரத்தில் பழைய பெயரையே கொடுத்து, மூலத்தின் மேலேயே எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு பழைய பதிப்பால் அந்தக் கோப்பைத் திறக்க இயலாது.

நாளைபார்ப்போம்

என் கருத்து எளிது. பெரிய பதிப்பு வெளிவந்த நாளிலேயே மாறுவது மற்றவர்களுக்காகச் சோதனை எலியாக இருப்பதற்குச் சமம். முதல் திருத்தம் வரும்வரை காத்திருங்கள். கையில் இருக்கும் வேலை முடியும்வரை காத்திருங்கள். ஓடுகிற வண்டியில் சக்கரத்தை மாற்ற வேண்டாம்.

இரண்டாம்மெய்ப்பு

காத்திருப்பது சரிதான். ஆனால் காத்திருந்து மாறியும் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். மென்பொருளின் பெயர் இங்கே முக்கியமில்லை.

ஒரு நாவலின் மறுபதிப்பு. 304 பக்கங்கள், பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்ற கணக்கில் சரியாகப் பத்தொன்பது ஃபாரம். பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை. மகிழ்ச்சியோடு திருத்தங்களைத் தொடங்கினேன். 143-ஆம் பக்கத்தில் ஓர் ஒற்றுப் பிழை: "வாசல் பக்கம் போனாள்" என்று இருந்ததை "வாசற்பக்கம் போனாள்" என்று ஆக்கினேன். அவ்வளவுதான். அந்தப் பத்தி முழுவதும் புதிதாக அடுக்கப்பட்டது. "பேசிக்கொண்டிருந்தார்கள்" என்ற நீண்ட சொல் முந்தைய வரியில் இடம் போதாமல் கீழே இறங்கியது. பத்தி ஒரு வரி கூடியது. பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போனது. அந்த அத்தியாயம் ஏற்கெனவே பக்கத்தின் கடைசி வரி வரை நிரம்பி முடிந்திருந்ததால், தனி ஒரு வரிக்காகப் புதிய பக்கம் ஒன்று பிறந்தது. புத்தகம் 305 பக்கமாயிற்று. ஒரு வரிக்காக இன்னொரு ஃபாரம் கட்ட முடியுமா? அத்தியாயத் தலைப்பைச் சுருக்கி, சொல் இடைவெளியைக் குறைத்து, அந்த ஒற்றை வரியை உள்ளே இழுப்பதற்குள் இரவு கழிந்தது. அதைவிடக் கொடுமை, அப்போது நான் மற்றப் பக்கங்களைத் திரும்பப் பார்க்கவில்லை. திருத்தம் செய்த வேறு ஐந்து இடங்களிலும் பத்திகள் சத்தமில்லாமல் மாறியிருந்தன, ஒரு பக்கத்தின் கடைசி வரியில் "வில்லை." என்ற துண்டு மட்டும் நின்றுகொண்டிருந்ததை அச்சான பிறகே பார்த்தேன்.

அச்சுமை

இரண்டாம்மெய்ப்பு சொல்வதற்கு விளக்கம் உண்டு. இன்டிசைனில் பழைய கோப்பைத் திறந்தவுடன் எல்லாப் பத்திகளும் மறுபடியும் அடுக்கப்பட்டுவிடுவதில்லை. கை வைத்த பத்தி மட்டுமே புதிய விதிப்படி மாறும். அதனால் திறந்த கணத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். கன்ட்ரோல், ஆல்ட், சாய்கோடு ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆவணம் முழுவதையும் உடனே மறு அடுக்கு செய்யும். பழைய கோப்பு புதிய பதிப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிப்பவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு அதன் பிறகு பார்க்க வேண்டும். செய்யாமல் பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பதுபோல.

ஒற்றைக்கொம்பு

எழுத்துரு பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன். தமிழில் வேலை செய்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய கணக்கு.

முதலில் ஒரு சோதனை. உங்கள் எழுத்துருக் கோப்புறையைத் திறந்து, பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்ற பின்னொட்டுள்ள கோப்புகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவை போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்கள். ஃபோட்டோஷாப் 2021-லேயே அவற்றுக்கான ஆதரவை விட்டுவிட்டது. அடோபியின் மற்ற மென்பொருள்கள் 2023 ஜனவரியில் விட்டன. புதிய பதிப்பில் அவை எழுத்துருப் பட்டியலிலேயே தென்படா. எழுத்துரு கணினியில் இருக்கும், மென்பொருள் இல்லை என்று சாதிக்கும். முதல்முறை பார்ப்பவர் நிச்சயமாகக் குழம்புவார். இன்றைய ஓபன்டைப் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் கருவிகள் உண்டு. ஆனால் மாற்ற உரிமம் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாற்றிய பிறகு எழுத்து இடைவெளிகள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பழைய குறியேற்றத்தில் அமைந்த தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவை ட்ரூடைப் என்ற வேறு வகை என்பதால், அவை வழக்கம்போல வேலை செய்யும். உங்களுக்கு அடி விழப்போவது ஆங்கிலத் தலைப்பு எழுத்துருக்களில்தான் என்பது என் ஊகம்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட யூனிகோடு. யூனிகோடுத் தமிழை மென்பொருள் சரியாகக் காட்ட வேண்டுமானால், "கொ" என்பதில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மென்பொருளில் க தனியாகவும், கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகவும் நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேர் பழைய குறியேற்றத்துக்கே திரும்பி ஓடினோம். உண்மையில் இன்டிசைன் சி.எஸ்.6-க்குள்ளேயே, இதைச் செய்யத் தெரிந்த வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற வரி அடுக்கும் கருவி இருந்தது. ஆனால் அதை வெளியே எடுத்துக்காட்டும் பொத்தான் எளிதில் கண்ணில் படவில்லை. இப்போதைய பதிப்புகளில் பத்திப் பலகையின் மெனுவிலேயே அதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைக் காட்டச் சொல்லிக் குறியிட வேண்டும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்பில் இத்தகைய எழுத்துமுறைகளுக்கு வழி செய்தது. ஆக, பழைய குறியேற்றத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், மாறுவதற்கான மிக வலுவான காரணம் அதுதான்: மாற்றி மாற்றி ஏற்றும் வேலை மிச்சமாகும், பி.டி.எஃப்.-இல் ஒரு சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், நகலெடுத்தாலும் பெரும்பாலும் தமிழாகவே வரும்.

ஓர் எச்சரிக்கை. புதிய பதிப்பில் திறக்கும் ஒவ்வொரு புதிய ஆவணத்திலும் சொல்லுடைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மொழியும் ஆங்கிலமாக இருக்கும். பழைய குறியேற்ற உரையை அதில் ஏற்றினால், மென்பொருள் அதை ஆங்கிலச் சொல் என்று நினைத்து உடைத்து, ஒரு வரியின் முடிவில் கொம்பையும் அடுத்த வரியின் தொடக்கத்தில் ககரத்தையும் வைத்துவிடும். உங்கள் பழைய வார்ப்புருக்களில் அதை எப்போதோ அணைத்து வைத்திருப்பீர்கள். அணைத்தது உங்களுக்கே மறந்திருக்கும்.

வளைகோடு

மறந்துபோன பழக்கங்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. புதிய பதிப்புகளின் தொல்லை பெரிய வசதிகளில் இல்லை, சத்தமில்லாமல் மாற்றப்படும் இயல்புநிலைகளில்தான் இருக்கிறது. ஷிஃப்டை அழுத்தியபடி மூலையை இழுத்தால் படம் விகிதம் குலையாமல் பெரிதாகும் என்பது எல்லோர் கையிலும் ஊறிப்போன வழக்கம். 2018 அக்டோபரில் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பில் அது தலைகீழாயிற்று: ஷிஃப்ட் இல்லாமல் இழுத்தால் விகிதம் காக்கப்படும், ஷிஃப்டோடு இழுத்தால் முகம் நீளும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பழைய முறையே நீடித்தது. ஒரே நாளில் மூன்றுக்கும் நடுவே தாவுகிறவரின் விரல் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய முறைக்குத் திரும்ப விருப்பத்தேர்வுகளில் வழி இருக்கிறது, நீங்கள் சி.எஸ்.6-இலிருந்து நேரே தாவுவதால் முதல் நாளே அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டற்ற மென்பொருள்களுக்கும் இது விலக்கில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் 2017 ஜனவரியில் 0.92 பதிப்பை வெளியிட்டபோது, ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்த கணக்கை இணையத் தரத்துக்கு ஏற்ப 96 ஆக்கியது. முடிவு நியாயமானதே. ஆனால் பிக்சல் அளவில் சேமித்திருந்த பழைய படத்தை அப்படியே திறந்தால், 160 மி.மீ. அகலமாக வரைந்தது 150 மி.மீ. ஆகிவிடும். திரையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அட்டைப்பெட்டியை வெட்டும் வார்ப்பில் (டை) வைத்துப் பார்க்கும்போதுதான் பெட்டியின் மடிப்பு பொருந்தாமல் நிற்கும்.

கணக்குவழக்கு

தொழில்நுட்பத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சந்தா என்பதன் பொருளை யாரும் தொடவில்லை. சொந்தமாக வாங்கிய பதிப்பு என்றால், வேலை குறைந்த ஆண்டில் நான் மேலும் எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. சந்தாவில், வேலை இல்லாத மாதத்துக்கும் கட்ட வேண்டும்; கட்டுவதை நிறுத்தினால் என் சொந்தக் கோப்புகளே எனக்குத் திறக்கா. மேலும், விரும்பிய பதிப்பிலேயே நின்றுகொள்ளும் உரிமையும் முழுமையாக நம்மிடம் இல்லை: 2019 மே மாதத்தில், பழைய சில பதிப்புகளைப் பயன்படுத்தும் உரிமம் முடிந்துவிட்டது என்று அடோபி தன் சந்தாதாரர்களுக்கே அறிவித்தது. இப்போதைய பதிப்பையும் அதற்கு முந்தைய ஒன்றையும் மட்டுமே பதிவிறக்கத் தருகிறார்கள். அதாவது, நீங்கள் இன்று எடுக்கப்போவது ஒருமுறை எடுக்கும் முடிவு இல்லை. ஆண்டுதோறும் பதிப்பு மாறிக்கொண்டே இருக்க ஒப்புக்கொள்கிறீர்கள்.

மாற்று வேண்டும் என்போர், பக்க அமைப்பு, வரைதல், புகைப்படம் ஆகியவற்றுக்கு மூன்று மென்பொருள்களைக் கொண்ட அஃபினிட்டியைப் பார்க்கலாம். 2022 நவம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2024 மார்ச்சில் கேன்வா என்ற வடிவமைப்பு நிறுவனம் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் மூன்று மென்பொருள்களையும் ஒன்றாக்கிக் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள்.

ஒற்றைக்கொம்பு

அஃபினிட்டியை நானும் ஆசையோடு பார்த்தவன்தான். அதன் முதல் இரண்டு பதிப்புகளும் இந்திய எழுத்துமுறைகளைச் சேர்த்துக் காட்டவில்லை என்பதால், தமிழ் உரைக்கு உதவவில்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும், "கொள்கை", "பௌர்ணமி", "ஸ்ரீ" ஆகிய மூன்று சொற்களைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே பேசுவது என் வழக்கம்.

நாளைபார்ப்போம்

கணக்குவழக்கு சொல்வதில் எனக்கு ஓர் இடத்தில் உடன்பாடில்லை. மாறாமல் இருப்பதற்கும் செலவு உண்டு. அதற்கு ரசீது வருவதில்லை, அவ்வளவுதான். கட்டிங்மார்க் மாதந்தோறும் உரையைக் குறியேற்றம் மாற்றுகிறார், தோழியின் பக்கங்களைச் சரிசெய்கிறார், உயிரை விடும் நிலையில் இருக்கும் கணினிக்குப் பயந்துகொண்டிருக்கிறார். அந்த மணிநேரங்களைக் கூட்டிப் பார்த்தாரா? காத்திருக்கச் சொன்னவனே நான்தான். பன்னிரண்டு ஆண்டுகள் என்பது காத்திருப்பு ஆகாது.

கணக்குவழக்கு

மணிநேரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். மாதாமாதம் உறுதியாக வேலை இருப்பவருக்குச் சந்தா ஒரு தொழில் செலவு என்பதையும் மறுக்கவில்லை. கோப்புகள் பணயமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஆகவே, மாறினாலும் முடிந்த ஒவ்வொரு வேலையோடும் அதன் ஐ.டி.எம்.எல். நகலையும், அச்சுக்குப் போன பி.டி.எஃப்.-ஐயும், பயன்படுத்திய எழுத்துருக்களையும், படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். பழைய மென்பொருளோடு அதன் கோப்புகளும் வழக்கொழிவதை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0, 2001-இல் வந்தது. அதன் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் உங்களிடம் இருக்கும் சி.எஸ்.6 தான். அதன் பிறகு வந்தவற்றுக்கு அந்த வடிவமே தெரியாது.

கட்டிங்மார்க்

இதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. என்னிடம் முப்பத்தொரு பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கின்றன; தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன். முதலில் அவற்றை மாற்றி வைத்துவிட்டு மற்றதைப் பார்க்கிறேன்.

இதழின் பெயரை, எண்ணிட்ட நிற அட்டைகளைக் கொண்ட பேன்டோன் முறையின் ஒரு நிறத்தில் தனி மையாக அச்சிடுகிறோம். புதிய பதிப்பில் அந்த நிறங்கள் இல்லை என்கிறார்களே, உண்மையா?

அச்சுமை

பாதி உண்மை. 2022-இன் பிற்பகுதியில் பெரும்பாலான பேன்டோன் நூலகங்கள் அடோபி மென்பொருள்களிலிருந்து எடுக்கப்பட்டன. முழு நூலகமும் வேண்டுமென்றால் பேன்டோன் நிறுவனத்தின் தனிச் சந்தா வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளில் அந்த நிறம் இருந்த இடங்கள் கறுப்பாகத் திறந்தது அப்போது பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் உங்கள் வேலைக்கு இது தடையாகாது. ஸ்பாட் நிறம் என்பது கோப்பைப் பொறுத்தவரை ஒரு பிளேட்டின் (அச்சுத் தகட்டின்) பெயர். திரையில் காட்ட ஒரு தோராய நிறம் அதனோடு ஒட்டியிருக்கும். அச்சகத்தில் மை கலப்பவர் பெயரையும் அச்சிட்ட நிற அட்டையையும் பார்த்துக் கலக்கிறாரே அன்றி, உங்கள் திரையைப் பார்த்து இல்லை. புதிய ஸ்வாட்ச் ஒன்றை உருவாக்கி, வகையை ஸ்பாட் என்று வைத்து, பழைய கோப்பில் இருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். ஓர் இடைவெளி கூடினாலும் அது வேறு பெயர். இரண்டு பிளேட் வந்துவிடும். பி.டி.எஃப்.-ஐ அனுப்பும் முன் பிளேட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம்மெய்ப்பு

சோதித்துப் பார்க்க நினைத்தால், கண்ணை நம்பாதீர்கள். நான் சூடுபட்ட பிறகு கற்றுக்கொண்ட முறை இது. பழைய பதிப்பிலிருந்து ஒரு பி.டி.எஃப்., புதிய பதிப்பில் முழு மறு அடுக்கு செய்த பிறகு ஒரு பி.டி.எஃப். எடுங்கள். இரண்டின் ஒரே பக்கத்தையும் ஃபோட்டோஷாப்பில் ஒரே அளவில் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக லேயராக வைத்து, மேலுள்ள லேயரின் கலப்பு முறையை டிஃபரன்ஸ் ஆக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பக்கம் முழுவதும் கறுப்பு. எங்கே ஒரு வரி நகர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் எழுத்துகள் இரட்டையாக ஒளிரும். சில நூறு பக்கங்களையும் ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம்.

கட்டிங்மார்க்

ஒரு வாரமாக இதே வேலைதான். புதிய கணினி ஒன்றில் ஏழு நாள் சோதனைப் பதிப்பை நிறுவினேன். பழைய கணினியையும் அதிலுள்ள சி.எஸ்.6-ஐயும் தொடவில்லை. இதழின் கடந்த மாதக் கோப்பு, ஒரு பழைய நாவல், ஓர் அட்டை என்று மூன்றை எடுத்துக்கொண்டு, அச்சுமை சொன்னபடி மறு அடுக்கு செய்து, இரண்டாம்மெய்ப்பு சொன்னபடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

இதழில் 64 பக்கங்களில் 58 கறுப்பு. மீதி ஆறில், ஐந்து பக்கங்களில் ஒளிர்ந்தவை அட்டவணைகளிலுள்ள எண்கள். அவை டைப் 1 எழுத்துருவில் இருந்ததால் மென்பொருள் அவற்றை இளஞ்சிவப்புப் பட்டையால் மூடி, வேறு எழுத்துருவை வைத்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் என்னிடம் 23 டைப் 1 எழுத்துருக்கள் இருக்கின்றன. நடப்பு வேலைகளில் பயன்படுவது நான்கு மட்டுமே. ஒற்றைக்கொம்பின் ஊகம் சரி, நான்கும் ஆங்கிலம். ஆறாவது பக்கத்தில் படத்தைச் சுற்றி ஓடும் உரை ஒரு வரி கீழே இறங்கியிருந்தது.

நாவல் அப்படி இல்லை. 212 பக்கங்களில் 37 பக்கங்கள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றும் சின்ன நகர்வுதான். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் தொடங்கிய நகர்வு அத்தியாயம் முடியும்வரை போகிறது. மெய்ப்புப் பார்த்து முடித்த புத்தகத்தில் இதை அனுமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். அடுத்த இதழிலிருந்து இதழ் வேலை முழுவதும் புதிய பதிப்பில், யூனிகோடில், புதிதாக அமைத்த வார்ப்புருவில் நடக்கும். பழைய இதழின் கோப்பைத் திறந்து அதன்மேல் கட்டப்போவதில்லை. புதிய புத்தகங்களும் அப்படியே. அச்சாகிவிட்ட புத்தகங்களின் மறுபதிப்புகள், பழைய கணினிக்கு மூச்சு இருக்கும்வரை அதிலேயே, இணையத் தொடர்பு இல்லாமல் நடக்கும். இரண்டு நாளில் பேஜ்மேக்கர் கோப்புகளில் 29-ஐ மாற்றிவிட்டேன். இரண்டு திறக்க மறுக்கின்றன, அவற்றுக்குப் பழைய அச்சுப் பிரதியே கதி.

ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. தோழியும் நானும் ஒரே பதிப்பில் தொடர்ந்து இருப்பதை எப்படி உறுதி செய்வது?

அச்சுமை

இருவரும் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். புதுப்பிக்கும்போது மேம்பட்ட விருப்பங்களைத் திறந்து, பழைய பதிப்பை நீக்கும் தேர்வில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதை விட்டால் முந்தையதை அழித்துவிட்டுத்தான் புதியது அமரும். இதழ் அச்சுக்குப் போன மறுநாள் மட்டுமே புதுப்பிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் யாராவது ஒருவர் கை தவறி மாறிவிட்டால், மற்றவரும் அன்றே மாற வேண்டியதுதான்.

கட்டிங்மார்க்

தோழி நேற்றிரவே அடுத்த புதுப்பிப்புக்கு மாறிவிட்டாராம். அவரும் இந்த இழையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே செய்தி அனுப்பினார். இன்றைக்கு நானும் அதே பதிப்பு எண்ணுக்கு வந்துவிட்டேன். பழைய பதிப்பை நீக்கும் குறியை எடுத்துவிட்டுத்தான் அழுத்தினேன்.